பின் சீட்டுக்கு அடியில்

விருத்தாசலம்
18.11.2024

அன்பு ரோசி அக்காவுக்கு, தம்பி சவரிராஜ் எழுதுவது.

சேசு மரி சூசை துணை. இங்கே நானும் சூளையும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். மலையடிவாரக் குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது? முப்பது வருஷமாக வெளியே வராத மடத்தில் இருக்கிறாய், கையில் போனும் கிடையாது. இந்த விஷயத்தில் அது எனக்கு நல்லதுதான். குரலைக் கேட்டால் நீ பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவாய்.

போன வாரம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. கார் கம்பெனிக்காரன் அனுப்பியது. பிரின்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை சாவியோவுக்கு நான் கொடுத்தேனே வெள்ளைக் கார், அதைப் பற்றி. பின் சீட்டுக்கு அடியில், பெட்ரோல் டேங்கின் தலையில், ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறதாம். அந்த மாதத்தில் செய்த வண்டிகளில் அது வெடிப்பு விடலாமாம், பெட்ரோல் கசியலாமாம். அரிதாகத் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு என்று ரொம்பப் பணிவாக எழுதியிருக்கிறான். வண்டியைக் கொண்டுவந்தால் காசு வாங்காமல் மாற்றித் தருவார்களாம். இதற்கு ரீகால் என்று பெயர்.

ஆர்சி இன்னும் என் பெயரில் இருப்பதால் கடிதம் எனக்கு வந்தது. வண்டி ஸ்ரீமுஷ்ணத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிறது.

நான் எப்படி அக்கா போய்ச் சொல்லுவேன்? நிச்சயதார்த்தத்துக்கு என் பட்டறையிலேயே சுட்ட தட்டு செட்டு ஒன்று அனுப்பினேன், நினைவிருக்கிறதா? சூடாக ரசம் ஊற்றியதும் ஒரு தட்டு இரண்டாகப் போனது. ரசம் அவர்கள் மாமன் மடியில். சம்பந்தியம்மா இன்றைக்கும் நாலு பேர் கூடின இடத்தில், "விருத்தாசலத்துத் தட்டுல சூடா எதையும் வெக்காதீங்கம்மா" என்கிறார்கள். இப்போது காரும் வெடிப்பு என்று போய் நின்றால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? எனக்காக வேண்டிக்கொள்.

உன் தம்பி,
சவரிராஜ்


கொடைரோடு
26.11.2024

அன்புத் தம்பி சவரிராஜுக்கு,

ஆண்டவர் உனக்குச் சமாதானமும் கொஞ்சம் புத்தியும் தரட்டும். என் இருமல் போய்விட்டது. முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்.

ஜெபம் செய்யச் சொல்கிறாய். எதற்கென்று தெளிவாக எழுது. மூடி வெடிக்காமல் இருக்கவா, சம்பந்தியம்மா வாய் திறக்காமல் இருக்கவா? இரண்டாவதற்கு நான் முழங்கால் தேய்க்கமாட்டேன்.

சூளையிலிருந்து எடுத்த கிண்ணத்தை விரலால் சுண்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்றால் அங்கேயே போட்டு உடைக்கிறவன் நீ. தானமாகக் கேட்டால்கூட வெடிப்பு விட்ட சாமானைக் கொடுக்கமாட்டாய். அந்தச் சவரிராஜ் எங்கே போனான்? அந்தப் பின் சீட்டில் உட்காருகிறவள் உன் மகள். அவள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் கடிதம் வந்த அன்றைக்கே பஸ் ஏறியிருப்பாள்.

மாப்பிள்ளைக்குப் போன் போடு. ஒரு நிமிஷ வேலை. இங்கே செவ்வாய்க்கிழமைதான் தபால் எடுப்பார்கள். அடுத்த செவ்வாய்க்குள் "சொல்லிவிட்டேன்" என்று உன்னிடமிருந்து ஒரு வரி வரவேண்டும்.

அக்கா,
ரோசி


விருத்தாசலம்
17.12.2024

அன்பு அக்காவுக்கு,

நலம். நல்லெண்ணெய் தேய்க்கிறேன். கிறிஸ்துமஸ் குடிலுக்கு நம்ம ஊர்த் தொழிற்பேட்டைப் பீங்கான் சொரூபம் ஒரு செட்டு பார்சல் அனுப்பியிருக்கிறேன், சுண்டிப் பார்த்துத்தான் கட்டினேன்.

நீ கேட்ட வரியை எழுத முடியவில்லை. ஆனால் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கடலூர் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லிச் சொல்லியே இருபது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் வேல்விழி என்று ஒரு பெண் எடுத்தது.

"வண்டி எங்க சார் இருக்குது?"

"பக்கத்துலதாம்மா."

"வண்டியும் வரணும், ஓனர் போனுக்கு வர்ற ஓடிபியும் வேணும் சார்."

"கொண்டாந்தா அன்னைக்கே மாத்திடுவீங்களா?"

"பார்ட்டு ஸ்டாக் இல்ல சார். வடக்கேர்ந்து வரணும். வந்தா நாங்களே கூப்புடுறோம்."

"அதுவரைக்கும் வண்டிய ஓட்டலாமாம்மா?"

"அது வந்து சார், நாங்க ஓட்டுங்கன்னும் சொல்லக்கூடாது, ஓட்டாதீங்கன்னும் சொல்லக்கூடாது."

இதற்குப் பிறகு ஐந்து முறை போட்டேன். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து வண்டி நம்பர், சேஸ் நம்பர், அப்பா பெயர். கிணற்றில் போட்ட கல்தான். பார்ட்டே இல்லாதபோது வீணாகச் சொல்லி எதற்கு மானம் போகவேண்டும் என்று இருக்கிறேன். வந்ததும், ஒருநாள் வண்டியை இரவல் வாங்கிப்போய் மாற்றிக்கொண்டு வந்துவிடுவேன். யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

பிரின்சிக்கு நீ எதுவும் எழுதிவிடாதே. நம் அம்மா கல்லறைமேல் ஆணை.

தம்பி,
சவரி


ஸ்ரீமுஷ்ணம்
6.1.2025

என் பிரியமான ரோசி அத்தைக்கு, பிரின்சி.

புது வருஷ வாழ்த்து. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், நான் மட்டும் வாந்தியோடு நன்றாக இருக்கிறேன். புரிந்திருக்குமே. மூன்று மாதம். அப்பாவிடம் சொன்னதும், உங்கம்மா உன்னைச் சுமந்தபோது பட்டறைக் களிமண்ணைத் திருடித் தின்றாள் என்று பழைய கதையை ஆரம்பித்துவிட்டார்.

ஒரு தொல்லை அத்தை. தினமும் காலையில் இவர் பேங்குக்குப் போகும்போது என்னை விருத்தாசலத்தில் ஸ்கூலில் இறக்கிவிடுகிறார். ஆடாமல் படுத்து வரட்டும் என்று என்னைப் பின் சீட்டில் உட்காரவைக்கிறார்கள். ஏறி உட்கார்ந்ததும் பெட்ரோல் நாற்றம் குப்பென்று அடிக்கிறது. இவருக்கு எப்போதும் மூக்கடைப்பு, "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்கிறார். மாமியார், "மாசமா இருக்கறவ மூக்கு நாய் மூக்குடி. எனக்கும் அப்பல்லாம் சோறு வேகற வாசனையே ஆகாது" என்கிறார்கள். அப்பாவிடம் போனில் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே என் மூக்குதானா? அம்மா இல்லை, உங்களைத்தான் கேட்கவேண்டும்.

உங்கள்
பிரின்சி


கொடைரோடு
14.1.2025

என் கண்ணான பிரின்சிக்கு,

பொங்கல் ஆசீர்வாதம். நீ எழுதிய சந்தோஷச் சேதியை மடமே கொண்டாடியது. சமையல்கட்டு சிஸ்டர் பாயசம் வைத்துவிட்டார்கள். பேரீச்சம்பழம் சாப்பிடு, மாடிப்படி வேகமாக ஏறாதே.

நீ கேட்டதற்குப் பதில். அந்த வண்டியில் ஏறாதே. பஸ்ஸில் போ. கர்ப்பிணிக்குக் காற்று வேண்டும், ஜன்னலோரம் உட்கார். மாமியார் என்ன சொன்னாலும் அத்தை சொன்னார்கள் என்று சொல். காரணம் கேட்காதே, பெரியவள் சொல்கிறேன்.

உன் அத்தை,
ரோசி


கொடைரோடு
14.1.2025

சவரிராஜ்,

நலம் விசாரிக்க மனமில்லை. உன் மகள் கர்ப்பமாக இருக்கிறாள், அவளுக்குப் பெட்ரோல் நாறுகிறது, உனக்கு அது தெரியும். போனில் அவள் சொன்னபோது நீ வாயை மூடிக்கொண்டாய். நீ வாங்கின ஆணைக்காக நானும் இன்றைக்கு அவளுக்குப் பொய் மாதிரி ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். என் மூஞ்சியில் நானே காறித் துப்பவேண்டும் போல இருக்கிறது.

போய்ச் சொல்.

ரோசி


விருத்தாசலம்
12.2.2025

அன்பு அக்காவுக்கு,

திட்டு வாங்கிய பிறகும் சௌக்கியம்தான். உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

பார்ட்டு வந்துவிட்டது என்று அந்த வேல்விழி கூப்பிட்டது. சனிக்கிழமை வண்டியோடு வரச் சொன்னது. எனக்குப் பாதி உயிர் வந்தது. உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "வேளாங்கண்ணிக்கு ஒரு வேண்டுதல் இருக்குது மாப்ள, ஒருநாள் வண்டி குடுத்தீங்கன்னா போயிட்டு வரேன்" என்றேன். நேராகக் கடலூர் போய் மாற்றிக்கொண்டு திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு.

அவர் எந்தக் கிழமை என்று கேட்டார். அப்புறம், "நீங்க எதுக்கு மாமா தனியாப் போறீங்க, நானே ஓட்டிட்டு வரேன்" என்றார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். சனிக்கிழமை விடிந்ததும் என் வாசலில் வண்டி. உள்ளே சம்பந்தியம்மா, அவர்கள் தங்கச்சி, தங்கச்சி பெண். நான்கு தூக்குச் சட்டி நிறைய புளிசாதம். நல்லவேளை, பிரின்சி தலைசுற்றல் என்று வரவில்லை.

அக்கா, போகும்போதும் வரும்போதும் நான் முன் சீட்டில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டே இருந்தேன். சம்பந்தியம்மா, "சம்பந்திக்கு எவ்ளோ பக்தி பாருங்க" என்றார்கள். மாப்பிள்ளை நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை, அந்த வெயிலில் ஏசியும் போடாமல் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டே வந்தார். சிக்கனமான பிள்ளை. மாதா புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை.

திங்கட்கிழமை போன் போட்டேன். நான் வராததால் அந்தப் பார்ட்டை வேறு வண்டிக்குப் போட்டுவிட்டார்களாம். மறுபடி வடக்கிலிருந்து வரவேண்டுமாம். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. பிரின்சி இப்போது பஸ்ஸில்தான் போகிறாளாம், அதனால் கொஞ்சம் நிம்மதி. நீ எழுதினாய் என்றாள். நன்றி அக்கா.

சவரி


கொடைரோடு
4.3.2025

தம்பிக்கு,

நாளை சாம்பல் புதன். தவக்காலம் நாற்பது நாளும் இந்த மடத்தில் கடிதம் எழுதுவதும் இல்லை, வருகிற கடிதத்தைப் பிரிப்பதும் இல்லை என்பது உனக்குத் தெரியும். எல்லாம் மதர் அறை அலமாரியில் கிடக்கும், ஈஸ்டர் உயிர்ப்புத் திருநாள் முடிந்துதான் கைக்கு வரும். ஆகையால் இதுவே கடைசி.

நீ வேளாங்கண்ணி போன கதையைப் படித்து இங்கே யாரிடமும் சொல்லிச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. தீப்பிடிக்கும் என்று தெரிந்த வண்டியில் ஐந்து பேர் புளிசாதத்தோடு போய் வந்திருக்கிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ காரையே மறைக்கிறாய்.

நாற்பது நாள் தருகிறேன். நீ சொல்லவில்லை என்றால் உயிர்ப்புக்கு மறுநாள் நானே பிரின்சிக்கு எல்லாவற்றையும் எழுதுவேன். அம்மா கல்லறை ஆணைக்கு அம்மாவிடம் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ரோசி


ஸ்ரீமுஷ்ணம்
24.3.2025

பிரியமான அத்தைக்கு,

தவக்காலத்தில் பிரிக்கமாட்டீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதினால் மனசு ஆறும். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. உங்களுக்கு அங்கே தண்ணீர்ப் பஞ்சம் இல்லையே?

இரண்டு மாதமாகப் பஸ்ஸில் போய் வருகிறேன். காலையில் உட்கார இடம் கிடைப்பதில்லை. கால் வீங்கிவிட்டது. வாசலில் கார் நிற்க மாசமாக இருக்கிறவள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிறாள் என்று தெருவே பேசுகிறது. மாமியார், "எங்க வூட்டு மானத்த வாங்கறதுக்குன்னே பஸ்ஸுல போறா" என்கிறார்கள். நான் திமிர் பிடித்தவள் ஆகிவிட்டேன்.

இவர் நல்லவர் அத்தை. நான் சொன்னதற்காகவே பிப்ரவரி முதல் வாரம் வண்டியைக் கடலூரில் சர்வீஸுக்கு விட்டுப் பார்த்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "எல்லாம் சரியா இருக்குதாம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். என் பிடிவாதத்தில் கோபம் போலிருக்கிறது. மெக்கானிக்கே சரி என்று சொன்ன பிறகு நான் எப்படி நாறுகிறது என்று சொல்லிக்கொண்டு திரிவது?

ஏப்ரல் 12 ஸ்கேன். அதற்குக் காரில் போவதாக ஒத்துக்கொண்டுவிட்டேன். அத்தை, காரணம் கேட்காதே என்று எழுதினீர்கள். காரணம் என்று ஒன்று இருக்கிறதா? ஒரே ஒரு வரி எழுதினால் போதும், யார் என்ன சொன்னாலும் நான் ஏறமாட்டேன்.

பிரின்சி


கொடைரோடு
21.4.2025

பிரின்சி கண்ணே,

உன் கடிதத்தை இப்போதுதான் கையில் கொடுத்தார்கள். ஸ்கேன் தேதி தாண்டிவிட்டது. மதரிடம் அனுமதி வாங்கி, அவர் அறைப் போனிலிருந்து உன் அப்பாவுக்குப் போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. வேறு நம்பர் எனக்குத் தெரியாது. கேட் சிஸ்டர் இதை இப்போதே ஸ்பீடு போஸ்ட்டில் சேர்க்கப் போகிறார்கள்.

காரணம் இருக்கிறது. பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்கின் மூடி வெடிப்பு விடும் என்று கம்பெனியே நவம்பரில் உன் அப்பாவுக்கு எழுதியது. சம்பந்தி வீட்டில் மானம் போகும் என்று அவன் மறைத்தான். எனக்கு நவம்பரிலேயே தெரியும். அவன் ஆணை வாங்கினான், நானும் மறைத்தேன். உன் மூக்கு சரியான மூக்கு. எங்கள் வாய்தான் சரியில்லை.

அந்த வண்டியில் நீ போயிருக்கக்கூடாது, போயிருக்கக்கூடாது என்று முழங்காலில் இருக்கிறேன். என்னை மன்னித்துவிடு மகளே. நீ நலமாக இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை எழுது.

அத்தை


ஸ்ரீமுஷ்ணம்
30.4.2025

அத்தைக்கு,

நான் நலம். குழந்தையும் நலம், இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

12ஆம் தேதி போனேன். ராஜேந்திரப்பட்டணம் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் சூடு ஏறியது. நாற்றம் தாங்கவில்லை என்றேன். இவர் எதுவும் கேட்காமல் உடனே ஓரங்கட்டினார். அதற்குள் புகை. பின் கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை, சைல்டு லாக் போட்டிருந்திருக்கிறது. இவர் ஓடிவந்து வெளியிலிருந்து திறந்து என்னை இழுத்தார். அப்போது அடியிலிருந்து எழுந்த தீயில் இவருக்கு வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. நான் தார் ரோட்டில் முழங்கால் ஊன்றி விழுந்தேன். பெண்ணாடத்துக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர்காரர் மண்ணை வாரி வாரிப் போட்டார். பயனில்லை. கால் மணி நேரத்தில் வண்டி கருங்கூடு.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். அப்பா ஓடிவந்தார். வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து இவரிடம் நீட்டினார். "மாப்ள, நவம்பர்லயே வந்துச்சு. உங்க வூட்டுல என்ன நெனைப்பாங்களோன்னு சொல்லாம வுட்டுட்டேன்" என்றார்.

இவர், "எனக்கும் தெரியும் மாமா" என்றார்.

பிப்ரவரியில் சர்வீஸ் சென்டரிலேயே சொல்லிவிட்டார்களாம். ஓனர் போனுக்கு ஓடிபி வரும், அவரைக் கேளுங்கள் என்றார்களாம். "உங்ககிட்ட கேட்டா, ஆர்சிய பேர் மாத்திக் குடுங்கன்னு கேக்கற மாதிரி ஆயிடும். அம்மா வேற அந்தத் தட்டு விஷயத்துல உங்கள அவ்ளோ பேசிட்டாங்க. மறுபடியும் உங்களத் தலகுனிய வெக்க எனக்கு மனசு வரல. வேளாங்கண்ணிக்கு வண்டி கேட்டப்பக்கூட முடியாதுன்னு சொல்ல வாய் வரல மாமா" என்றார்.

அப்பா, "உங்கள மாதிரி ஒரு மாப்ள கெடைக்க நான் குடுத்து வெச்சிருக்கணும்" என்று அழுதார். இவரும் அழுதார். கட்டுப் போடாத கையால் அப்பாவின் கண்ணைத் துடைத்துவிட்டார். பார்த்த நர்சுக்கும் கண் கலங்கிவிட்டது. மாமியார்கூட முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மன்னித்துவிட்டார்கள். இரண்டு பேர் மரியாதைக்கும் ஒரு குறையும் இல்லை.

நான் மயக்கத்தில் இல்லை அத்தை. முழங்காலில் கட்டோடு பக்கத்துக் கட்டிலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

பத்து நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. அப்பாவுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நாறுவது எனக்கு மட்டும்தான் தெரிந்தது, காரணம் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. உங்கள் மேல் ரொம்பக் கோபம். கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். ஆனால் நீங்கள் மன்னித்துவிடு என்று கேட்டிருந்தீர்கள். கேட்டதற்காக மன்னித்துவிட்டேன். அதனால்தான் பதில் எழுதுகிறேன். மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாமல் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அப்பா தினமும் ஆப்பிளோடு வருகிறார். கால் வலிக்கிறதா என்று கேட்கிறார். இவர் ஒற்றைக் கையால் காப்பி போட்டுக் கொண்டுவந்து, சர்க்கரை போதுமா என்று கேட்கிறார். இரண்டு பேரும் என்னிடம் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். நீங்கள் கேட்ட அந்த ஒன்றை மட்டும் கேட்கவேண்டும் என்று இன்னும் அவர்களுக்குத் தோன்றவில்லை. நான் வாயைத் திறந்து சொல்லப்போவதில்லை, காத்திருக்கிறேன்.

பிரின்சி